39 இலக்கப் பகா எண்ணும் பாரி ஜிபி மென்பொருளும்: ஒரு மதிப்புரை

பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஆன்றி கோஹென் குழுவினர் தொடங்கிய பாரி ஜிபி, எண் கோட்பாட்டுக்கென்றே உருவான இலவச மென்பொருள். அதை மதிப்பிட 2^127 − 1 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொண்டேன். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா கையாலேயே கணக்கிட்டுப் பகா எண் என்று நிறுவிய இந்த 39 இலக்க எண், 1951 வரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது.

இந்த மென்பொருளில் நான் முதலாவதாக மதிப்பது அதன் நேர்மையை. 'பகா எண்ணாக இருக்கக்கூடும்' என்று சொல்ல ஒரு கட்டளையும், 'பகா எண்ணே' என்று நிறுவிச் சொல்ல வேறொரு கட்டளையும் தனித்தனியே உள்ளன. முதல் கட்டளையின் சோதனை 2^64க்குக் கீழே எங்கும் தவறுவதில்லை எனச் சரிபார்க்கப்பட்டுள்ளது. அதற்கு மேலே தவறியதாக எவரும் இதுவரை ஓர் எண்ணைக் காட்டியதில்லை என்றாலும், தவறாது என்பதற்கு நிரூபணம் இல்லை. நம் எண் அந்த எல்லையைத் தாண்டியது என்பதால் இரண்டாவது கட்டளையே தேவை. அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை தந்துவிடுகிறது.

விடையைவிட வழியைப் பார்க்க விரும்பி, லூக்கா–லெமர் சோதனையை நானே இரண்டு வரிகளில் எழுதினேன். 4இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 125ஆவது சுற்றில் மீதி 0 ஆனது, அதாவது எண் பகா எண்ணே. அதற்கு முந்தைய சுற்றின் மீதியை வர்க்கப்படுத்தினால் 2 வந்தாக வேண்டும் என்பதால், அது 2^64 ஆகவோ அதன் எதிர்மமாகவோ மட்டுமே இருக்க முடியும். ஒழுங்கே இல்லாதவைபோல் ஓடிய 39 இலக்க மீதிகள் கடைசியில் இப்படி அடங்குவதைத் திரையில் பார்ப்பது பெரும் மகிழ்ச்சி.

இந்த எண்ணோடு 1ஐக் கூட்டினால் 2இன் அடுக்கு மட்டுமே கிடைக்கிறது. 1ஐக் கழித்துக் காரணிப்படுத்தச் சொன்னாலோ, 3 மும்முறையும் 7 இருமுறையும் வர, 2, 19, 43, 73, 127, 337, 5419, 92737, 649657, 77158673929 என்று பன்னிரண்டு வெவ்வேறு பகாக் காரணிகள் அடுக்கு எண்ணுடன் பட்டியலாக வந்து நிற்கின்றன.

குறைகளும் உண்டு. நீண்ட எண்களை இலக்கக் குழுக்களாகப் பிரிக்காமல் ஒரே சரமாகக் காட்டுவது கண்ணுக்குச் சிரமம். கடினமான பகு எண்ணைக் காரணிப்படுத்தும்போது வேலை எவ்வளவு முடிந்தது என்பதும் இயல்பாகத் தெரிவதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழகாதவருக்கு முதல் சில நாட்கள் கடினமாகவே இருக்கும்.

நம் எண்ணையே அடுக்காக வைத்து, 2ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1ஐக் கழித்தால் வருவது பகா எண்ணா என்பது இன்னும் விடை காணாத கேள்வி. ஏறத்தாழ 5 × 10^37 இலக்கங்கள் கொண்ட அதை எந்த நினைவகமும் தாங்காது. ஆனாலும் அதற்குப் பகாக் காரணி இருந்தால், p என்பது நம் எண்ணாகவும் k ஒரு நேர் முழு எண்ணாகவும், அது 2kp + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். அத்தகைய ஓர் எண் வகுக்கிறதா என்பதை மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் மட்டு எண்கணிதத்தின் மூலம் இந்த மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். k = 1 என்றால் கிடைக்கும் 2^128 − 1 மூன்றால் வகுபடும் என்பதால் அது உடனே விலகியது. முதல் ஆயிரம் மதிப்புகளை ஓடவிட்டேன், ஒன்றுகூட வகுக்கவில்லை.