எலெக்ட்ரிக் கிட்டாரில் சிதார்: பிரிட்ஜா, பெடலா, மாடலிங்கா?

கிட்டாரில் சிதார் சத்தம் வேண்டும் என்று யாராவது கேட்டால், சிதாரில் எது வேண்டும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். அந்த ரீங்காரமா, பின்னால் தானாகவே அதிரும் தரப் தந்திகளின் ஒலியா, ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கும் மீண்டா? கடையில் கிடைக்கும் எதுவும் இந்த மூன்றையும் சேர்த்துத் தருவதில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் ஓட்டு ரீங்காரத்துக்குத்தான். சிதாரின் பிரிட்ஜ், அதாவது தந்திகளைத் தாங்கும் பாலம், அகலமானது. அதன் மேல்பரப்பில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்கு ஒரு வளைவு இருக்கும். அதிரும் தந்தி அந்த வளைவை உரசிக்கொண்டே இருப்பதால் ஹார்மானிக்ஸ், அதாவது மூல ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல்ஒலிகள், விடாமல் எழுகின்றன. ஜவாரி என்று சொல்வது இதைத்தான். தம்புராவில் தந்திக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே வைக்கும் ஜீவா நூலை மெல்ல நகர்த்தும்போது, மந்தமாக ஒலித்த தந்தி ஓரிடத்தில் பளிச்சென்று திறந்துகொள்ளுமே, அதே சங்கதி. சிலர் கிட்டார் சேடிலிலும் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) நூல் வைத்துப் பார்க்கிறார்கள். வழக்கமான சேடிலில் தந்தி ஒரு மெல்லிய விளிம்பில்தான் உட்காருகிறது. உரசப் பரப்பே இல்லை. நூல் சத்தத்தை அமுக்கத்தான் செய்யும்.

இந்தப் பரப்பைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தது 1967-இல் வந்த கோரல் எலெக்ட்ரிக் சிதார். நியூயார்க் ஸ்டூடியோ கிட்டாரிஸ்ட் வின்னி பெல்லின் யோசனை, டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தின் தயாரிப்பு. வாசிக்க 6 தந்தி, பக்கத்தில் 13 தரப் தந்தி, தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் மூன்று. அந்த 13 தந்திகள் பெரும்பாலும் பார்வைக்குத்தான். தானாக அதிர்வது குறைவு, விரலால் வருடினால்தான் நன்றாகக் கேட்கும். ஆனால் ரீங்காரம் அசல். மெதுவாக மீட்டினால் மெல்லிசாக, ஓங்கி மீட்டினால் சீறிக்கொண்டு வரும். குறை, ஸ்ருதி. பிரிட்ஜ் ஒரே துண்டு என்பதால் ஒவ்வொரு தந்திக்கும் நீளத்தைத் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது. 12-ஆம் ஃப்ரெட்டைத் தாண்டினால் காது உறுத்தும். பழைய கோரல் இப்போது சேகரிப்பாளர்களின் பொருள். அதே வகை பிரிட்ஜை மட்டும் வாங்கி, சும்மா கிடக்கும் இரண்டாவது கிட்டாரில் மாட்டலாம். மாட்டிய பிறகு அது சிதார் வேலைக்கு மட்டும்தான்.

எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் ராவிஷ் சிதார் பெடல், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டும் பெட்டி, வேறு வழியில் போகிறது. பிரிட்ஜ் தராத தரப் தந்திகளை இது தருகிறது: ஸ்ருதியையும் ஸ்கேலையும் அமைத்துவிட்டால், நீங்கள் வாசிக்கும் ஸ்வரத்துக்கு ஏற்ப அவை பின்னால் ஒலிக்கும். முன்ஒலிக்கும் பின்ஒலிக்கும் தனித்தனி அவுட்புட் இருப்பதால் இரண்டு ஆம்பில் பிரித்துவிடலாம். அப்படிக் கேட்கும்போது நிஜமாகவே அறை நிறையும். ஆனால் ரீங்காரம் கணக்குப் போட்டு வருவது, விரலின் அழுத்தத்துக்கு அவ்வளவாக மசியாது. நடுவில் ஸ்ருதி மாறும் பாட்டென்றால் அமைப்பையும் மாற்ற வேண்டும். ஒரே ஆதார ஸ்ருதியில் நிற்கும் ஆலாபனை போன்ற வாசிப்புக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

லைன் 6-இன் வேரியாக்ஸ் மேடைக்காரர்களுக்கு. இது மாடலிங் கிட்டார், வேறு வாத்தியங்களின் சத்தத்தை மின்னணு முறையில் போலி செய்வது. ஒவ்வொரு தந்திக்கும் தனி பியெஸோ பிக்கப் (பிரிட்ஜிலேயே அதிர்வை உணர்வது) இருப்பதால், பல ஸ்வரங்களைச் சேர்த்து கார்டு பிடித்தாலும் குழம்பாது. குமிழைத் திருப்பினால் சிதார், இன்னொரு திருப்பலில் பாஞ்சோ. அதில் இருக்கும் சிதாரும் கோரலைப் பார்த்துச் செய்ததுதான் என்பதை மறக்க வேண்டாம், நகலின் நகல். ஒரே கச்சேரியில் நாலைந்து வாத்தியம் வேண்டுமென்றால் சரி, சிதாருக்காக மட்டும் வாங்காதீர்கள்.

மீண்டை மூன்றுமே தராது. சிதாரின் உயர்ந்து வளைந்த ஃப்ரெட்டில் தந்தியை நாலைந்து ஸ்வரம் வரை இழுக்கலாம். கிட்டாரில் இரண்டு ஸ்வரமே சிரமம். கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின், இந்திய இசைக் கலைஞர்களோடு நடத்திய சக்தி குழுவுக்காகச் செய்வித்த அக்கூஸ்டிக் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்க வைத்ததும் இந்த இழுப்புக்காகத்தான். அந்த அளவுக்குப் போக வேண்டாமென்றால், 009 என்ற மெல்லிய தந்தி போட்டு, அரை ஸ்வரம் இறக்கிக் கட்டி, பிரிட்ஜ் ஓரமாக மீட்டிப் பாருங்கள். அப்புறம் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸரைக் கொஞ்சம் ஏற்றினால் இழுத்த ஸ்வரம் சீக்கிரம் சாகாது.