பால் பைத்தானுக்கு நார், பியர்டட் டிராகனுக்குக் கிரானைட்

தேங்காய் நார்த்தூளை நனைத்து ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். கையை விரித்ததுமே உதிர்ந்தால் குறைவு. உருண்டையாக நின்று, தட்டினால் உடைய வேண்டும். வீட்டில் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) பாம்பின் கூண்டில் தரையாக விரிக்க அதுதான் பதம்.

ஆப்பிரிக்காவில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பதுங்கி வாழும் பாம்பு அது. காற்றில் ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சட்டை முழுசாக உரியும். காய்ந்துபோனால் துண்டு துண்டாகக் கிழிந்து, கண்மேல் ஒட்டிக்கொள்ளும். தரை சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். செய்தித்தாள் இந்த ஈரத்தைப் பிடித்துவைக்காது. ஆனாலும் புதிதாக வந்த பாம்புக்கு முதல் மாதம் நான் வெறும் டிஷ்யூ பேப்பர்தான் விரிப்பேன். சிற்றுண்ணியோ கழிச்சலோ இருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும்.

நாற்றங்காலுக்கு வாங்கும் 5 கிலோ நார்க்கட்டியே போதும். உப்பு கழுவியது, உரம் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள். தூள் மட்டும் போட்டால் காய்ந்ததும் தூசி பறக்கும். பாதிக்குப் பாதி மட்டைச் சில்லு கலந்துவிடுங்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தரை அவ்வளவு சீக்கிரம் காயாது. தர்மபுரி சித்திரை வெயிலில் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம், பால் பைத்தானை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நம் மலைப்பாம்பையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மர அறுவை மில் தூள் எந்தப் பிராணிக்கும் வேண்டாம். என்னென்ன மரம் கலந்திருக்கும் என்று தெரியாது, தூசியும் அதிகம்.

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பல்லி. பாலைவனம்போல இருக்கட்டும் என்று பலர் எம்-சாண்ட் கொட்டிவிடுகிறார்கள். பாறையை உடைத்த மணல் அது. உள்ளங்கையில் தேய்த்தாலே குத்தும். குட்டி டிராகன் இரையைக் கவ்வும்போது மணலும் உள்ளே போய்க் குடலை அடைக்கும். ஆற்று மணல் குத்தாது, ஆனால் அடைப்பு பயம் அதிலும் உண்டு.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மணலுக்கு ஏன் போக வேண்டும்? கிரானைட் பட்டறையில் மிச்சத் துண்டு கேளுங்கள். பாலிஷ் போட்ட பக்கம் வழுக்கும், சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும். நகம் தேயும், துடைப்பதும் சுலபம். கூண்டின் சூட்டு விளக்கடியில் கல்லின் சூடு 40 டிகிரியை ஒட்டி நிற்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். தோண்ட முடியாததுதான் ஒரே குறை. முட்டையிடும் பெண் டிராகனுக்கு ஈரமான செம்மண்ணும் மணலும் கலந்து, ஒரு சாண் ஆழத்துக்கு டப்பாவில் வையுங்கள்.

மின்வெட்டில் விளக்கு அணைந்த பிறகும் கல் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும். என் டிராகன் அப்போது வயிற்றைத் தட்டையாக விரித்து, கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடக்கும்.