ஓசூர் பஸ்ஸில் படித்த மூன்று நாவல்கள்

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது. ஓசூரில் வேலை பார்க்கும் எனக்குத் தினமும் பஸ்தான்; போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே. போன ஆடியிலிருந்து அந்த நேரத்தில் நாவல் படிக்கிறேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, சாண்டில்யனின் ‘கடல் புறா’, பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ மூன்றும் அடுத்தடுத்து அமைந்தன.

பஸ் பயணத்துக்குக் கல்கியை மிஞ்ச ஆளில்லை. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை என்பதால் அத்தியாயங்கள் சின்னவை. ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் வந்து நிற்கும். குருபரப்பள்ளி தாண்டும்போது ஒன்று முடியும், சூளகிரிக்குள் இன்னொன்று. ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருவதுதான் தொடக்கம். ஆடி 18க்கு ஒகேனக்கல் போய்த் தலை முழுகி வளர்ந்தவள் நான். இங்கே விழுகிற காவிரிதான் கீழே போய் அந்தக் கதையின் ஊர்களை நனைக்கிறது என்று நினைத்தபோது சிலிர்த்துவிட்டது. ஆனால் ஐந்து பாகம் நீளம்தான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லாமல் விட்டதில் எனக்கு இன்னும் கோபம்.

‘கடல் புறா’வும் சோழர் காலக் கதைதான், ஆனால் களம் கடல். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி சுமத்ராவின் ஸ்ரீவிஜயம் வரை போகிறது. கப்பல் சண்டையில் சாண்டில்யன் போடுகிற திட்டங்கள் அபாரம். ஒகேனக்கல்லையும் எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணையையும் தவிரப் பெரிய தண்ணீர் பார்க்காத எனக்கே அலை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்தது. காஞ்சனா தேவியையும் மஞ்சளழகியையும் வர்ணிக்கும் பக்கங்களைத்தான் தள்ளித் தள்ளிப் போனேன். இருவருக்கும் அறிவும் துணிச்சலும் இருக்க, எழுதுகிறவரின் கண் உடம்பிலேயே நிற்கிறது. மூன்று பாகமும் முடித்தேன். மறுபடி எடுக்க மாட்டேன்.

அப்புறம் ‘பூனாச்சி’. மூன்றில் மிகச் சின்னது, மூன்று நாளில் முடிந்துவிட்டது. ஒரு கிழவனுக்கு யாரோ இலவசமாகக் கொடுத்துப் போகிற கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியின் வாழ்க்கை, அவ்வளவுதான். முன்பு ஒரு நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015இல் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தவர் பெருமாள்முருகன். 2016இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்த பிறகு அவர் எழுதிய நாவல் இது. மனிதரைப் பற்றி எழுத அஞ்சி ஆட்டை எடுத்துக்கொண்டதாக முன்னுரையில் சொல்கிறார். அதைத் தெரிந்துகொண்டு படித்தால், குட்டிக்குக் காது குத்திக் கணக்கில் சேர்க்க ஏழைகள் வரிசையில் நின்று அதிகாரிகளுக்குப் பதில் சொல்லும் பகுதி வேறு மாதிரி கனக்கிறது. அப்புறம் மழை பொய்க்கிறது. தீனி குறைகிறது, குட்டிகளை விற்கிறார்கள், கிழவியின் பேச்சும் குறைகிறது. எங்கள் வீட்டிலும் ஒரு வறட்சியில் அம்மா ஆடுகளை அப்படித்தான் ஒவ்வொன்றாக விற்றார்.

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தை. கயிற்றில் கட்டிய குட்டிகளோடு நிற்பவர்களை இத்தனை வருடம் ஜன்னல் வழியே பார்த்தும் பார்க்காமல்தான் போயிருக்கிறேன். இப்போது முடியவில்லை. கல்கி என்னைத் தஞ்சைக்குக் கூட்டிப் போனார், சாண்டில்யன் கடலுக்கு. பெருமாள்முருகன் என் பாதையிலேயே என்னை இறக்கிவிட்டார். அதனால் மூன்றில் எனக்கு ‘பூனாச்சி’தான் முதலில்.

பத்தாவது முடித்த அக்கா மகளுக்கு மட்டும் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைக் கொடுத்தேன். படிக்கிற பழக்கம் பிடிக்க அதுதான் சரி.

‘பூனாச்சி’யை அம்மாவுக்கு ராத்திரியில் வாசித்துக் காட்டுகிறேன். “ஒரே ஈத்துல ஏழு குட்டியா? நாலு வரைக்கும்தான் நான் பாத்திருக்கேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, மேல படி. அந்தக் குட்டி பொழைச்சுதா?”