சஸ்பென்ஸா, எஸ்கேப்பா? என் ஓட்டு எஸ்கேப்புக்கு

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு வரும் முதல் குழப்பம், 'சஸ்பென்ஸ்', 'எஸ்கேப்' என்ற இரண்டு தொடர்களில் எதைக் கேட்பது என்பதுதான். இரண்டும் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் தயாரிப்பு, இரண்டும் அரை மணி நேரம், வாரத்துக்கு ஒரு தனிக்கதை. 'சஸ்பென்ஸ்' 1942 முதல் 1962 வரை ஓடி 900 நாடகங்களைத் தாண்டியது. 'எஸ்கேப்' 1947இல் தொடங்கி 1954இல் நின்றுவிட்டது. முன்னது பெரும்பாலும் குற்றக் கதை, பின்னது சாகசம்.

என் முடிவைத் தீர்மானித்தது விளம்பரதாரர் விஷயம்தான். சஸ்பென்ஸுக்கு முதலில் ரோமா ஒயின், பிறகு கார் உதிரிபாக நிறுவனமான ஆட்டோலைட் என்று பணம் கொட்டியது. கேரி கிராண்ட், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போன்ற நட்சத்திரங்கள் மைக் முன்னால் வந்து நின்றார்கள். வந்த பணத்துக்கு வட்டியும் உண்டு. ஆட்டோலைட் காலத்து நாடகங்களில் கழுத்தில் கத்தி இறங்கப்போகும் நேரம் பார்த்து அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் ஸ்பார்க் பிளக்கின் பெருமை பாட வந்துவிடுவார். தவிர, பெரிய நடிகர் பேசினால் காதில் விழுவது அந்த நடிகர்தான், கதாபாத்திரம் அல்ல.

எஸ்கேப்புக்கு 1950இல் சில மாதங்கள் ஓர் எண்ணெய் நிறுவனம் கைகொடுத்தது. மற்றபடி அநாதைதான். காலியாக இருந்த நேரத்தில் எல்லாம் அதைச் செருகினார்கள். கிழமையும் மணியும் மாறிக்கொண்டே இருந்தால் நேயர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? அன்றைக்கு அதுவே அதன் சாபம். ஒலிப்பதிவாகக் கேட்கும் நமக்கோ லாபம்: கதை தங்குதடையில்லாமல் ஓடுகிறது. நடிப்பவர்களும் வில்லியம் கான்ராட் போன்ற வானொலிக்காரர்கள். யார் பிழைப்பார், யார் சாவார் என்று ஊகிக்க வழியில்லை.

தொடக்கமே நம்மை உள்ளே இழுத்துப் போட்டுவிடும். 1948இல் வந்த 'லைனிங்கன் வெர்சஸ் தி ஆன்ட்ஸ்' நாடகத்தில், அமேசான் காட்டுத் தோட்டமொன்றில் நீங்கள் தனியாக மாட்டிக்கொண்டீர்கள், எறும்புப் படை உங்களை உயிரோடு தின்ன வருகிறது என்று அறிவிப்பாளர் நம்மிடமே சொல்கிறார். 'த்ரீ ஸ்கெலிட்டன் கீ' இன்னும் மோசம். கலங்கரை விளக்கத்தில் மூன்று பேர். ஆளில்லாத கப்பலிலிருந்து எலிகள் கூட்டமாக வந்து கண்ணாடியை மூடிக்கொள்கின்றன. அந்தக் கீச்சொலியை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. 1956இல் சஸ்பென்ஸே இந்தக் கதையை வாங்கி, எஸ்கேப்பில் முன்பே இதில் நடித்த வின்சென்ட் பிரைஸை வைத்து ஒலிபரப்பியது!

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. லூசில் ஃப்ளெட்சர் எழுதி, 1943இல் ஆக்னஸ் மூர்ஹெட் நடித்த 'சாரி, ராங் நம்பர்' சஸ்பென்ஸின் சொத்து. படுக்கையில் கிடக்கும் பெண், ஒரு தொலைபேசி, இணைப்பு மாறி வந்து காதில் விழும் கொலைத் திட்டம், அவ்வளவுதான். எஸ்கேப்பில் இதற்கு நிகராக ஒரு பெண் பாத்திரத்தை நான் கேட்டதில்லை.

1959இல் சஸ்பென்ஸ் நியூயார்க்குக்குப் போன பிறகு வந்தவற்றில் கொஞ்சம்தான் கேட்டிருக்கிறேன். அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சஸ்பென்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் வில்லியம் ஸ்பியர் தயாரித்த நாற்பதுகளின் நாடகங்களிலிருந்து தொடங்கலாம். மற்றவர்கள் நேராக எறும்புகளிடம் போகலாம்.