ஷடங்க பானீயச் சூரணம்: வேலூர் வெயிலில் ஒரு மாதம்

கத்திரி தொடங்குவதற்கு முன்பே கண் எரிச்சலும் உள்ளங்காலில் காந்தலும் வந்துவிடுகிற உடம்பு எனக்கு. இந்த ஆண்டு நான் பார்த்த ஆயுர்வேத மருத்துவர், பித்தம் மிகுந்திருப்பதாகச் சொல்லி, மாத்திரை எதுவும் தராமல், நீரில் காய்ச்சிக் குடிக்கும் மூலிகைத் தூளான ஷடங்க பானீயச் சூரணத்தையும் சில உணவு மாற்றங்களையும் மட்டும் எழுதிக் கொடுத்தார்.

கோரைக்கிழங்கு, பற்பாடகம், வெட்டிவேர், சந்தனம், குருவேர், சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த இந்தக் கலவையை, பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை காய்ச்சலில் வரும் தாகத்துக்குப் பரிந்துரைக்கிறது. சூடு தணிக்கும் நீரில் சுக்கு எதற்கு என்று கேட்டேன். குளிர்ச்சியான மூலிகைகள் மட்டும் சேர்ந்தால் பசித்தீ மந்தப்படும் என்பதால், அதைக் காக்கவே சுக்கு என்றார். ஐஸ் போட்ட சர்பத் குடித்தபோதெல்லாம் வயிறு கனத்து, தாகம் மட்டும் தீராமல் நின்றது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

12 கிராம் தூளை முக்கால் லிட்டர் நீரில் இட்டுப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியபின் வடிகட்டி, நாள் முழுதும் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். இலேசான கசப்பும் வெட்டிவேர் மணமும் கொண்ட இந்த நீர் மூன்றாம் நாளிலேயே நாக்குக்குப் பழகிவிட்டது.

முதலில் வாங்கிய பொட்டலம் மாவாக அரைத்த தூளாக இருந்ததால், எத்தனை முறை வடிகட்டினாலும் கலங்கலாகவே நின்றது. தயாரித்த தேதியும் அதில் இல்லை. வேறொரு நாட்டு மருந்துக் கடையில் ஒன்றிரண்டாக இடித்த தூள் கிடைத்த பிறகுதான் நீர் தெளிந்தது. சந்தனம் என்று மட்டும் அச்சிட்டிருப்பதும் போதாது. கஷாயத்துக்குப் பெரும்பாலும் செஞ்சந்தனத்தைக் கொள்வதே ஆயுர்வேத மரபு என்பதால், எந்தச் சந்தனம் என்பதைத் தயாரிப்பாளர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

உணவு மாற்றங்களில் என்னை வியக்கவைத்தது தயிர். குளிர்ச்சி என்று நம்பி இரவிலும் தயிர்சாதம் உண்டு வந்த எனக்கு, ஆயுர்வேதம் தயிரை உஷ்ண வீரியம், அதாவது உடலில் சூட்டைக் கூட்டும் தன்மை, உடையதாகக் கருதுவதும், இரவில் அதை விலக்கச் சொல்வதும் புதிய செய்தி. நல்லெண்ணெயும் அப்படியே உஷ்ணம் என்பதால், தலைக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன். ஊறுகாயும் காரக் குழம்பும் குறைந்து, பூசணியும் பாசிப்பருப்பும் நெய்யும் கூடின.

இரண்டாம் வாரத்தில் கண் எரிச்சல் நன்றாகக் குறைந்தது. காந்தல் முழுதும் போகவில்லை. தூக்க நேரத்தையும் முன்னதாக்கிக்கொண்டதால், பலன் முழுவதையும் சூரணத்துக்கே உரியதாக்குவது நேர்மையாகாது. ஆனாலும் தாகம் தணிந்தது இந்த நீரால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். வாங்குபவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, வேர்த்துண்டுகள் கண்ணுக்குத் தெரிகிற தூளையே வாங்குங்கள். அன்றன்று காய்ச்சியதை அன்றே குடித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தபோது எனக்கு அது புளித்துப்போனது.