தேம்ஸ் பாலங்களைக் கடக்க ஒரு சுக்கான் துணை

லண்டன் கால்வாய்களில் ஏழடி அகலமுள்ள என் 17 மீட்டர் படகை ஓட்டிப் பழகியிருந்தாலும், கடலேற்றத்தால் நீர்மட்டம் 7 மீட்டர் வரை ஏறி இறங்கும் தேம்ஸில் தனியே இறங்க எனக்குத் துணிவில்லை. ஆகவே கால்வாயிலிருந்து ஆற்றில் இறங்கும் நீர்க்கதவான லைம்ஹவுஸ் லாக்கிலிருந்து ஆற்றின் மேற்பகுதியில் உள்ள டெடிங்டன் வரை உடன்வரும் அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டேன். கட்டணம் சற்று அதிகம்தான். ஆனால் கற்றுக்கொண்டது அதைவிட அதிகம்.

சுக்கானை என்னிடமே கொடுத்துவிட்டு அருகில் நின்றார். ஏறுநீர் பின்னாலிருந்து தள்ளும்போது அஞ்சி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தால் படகு நிற்காது. சுக்கானைத் தழுவி நீர் பாய்வது குறைந்து, திருப்பும் வலுதான் போய்விடும். பாலத்தின் தூணை நெருங்கிய பின் விலக நினைத்து அணியத்தை (முன்பகுதியை) திருப்பினால், அமரம் (பின்பகுதி) தூணை நோக்கியே வீசும். எனவே தூண்களுக்கு இடையிலுள்ள பால வளைவுக்கு வெகுதொலைவிலேயே படகை நேராக்கிவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு பாலத்திலும் பொறுமையாகச் சொன்னார். பக்கம்பக்கமாக இரண்டு ஆரஞ்சு விளக்குகள் எரியும் வளைவே செல்லத்தக்கது. தலைகீழ் முக்கோணமாக மூன்று சிவப்பு வட்டுகள் தொங்கினால் அவ்வழி மூடப்பட்டுள்ளது.

பிளாக்ஃபிரையர்ஸில்தான் அவருடைய அருமை தெரிந்தது. ரயில் பாலம், அதையடுத்து மேற்கட்டு அகற்றப்பட்ட பழைய பாலத்தின் சிவப்புத் தூண்கள், பிறகு சாலைப் பாலம் என மூன்று வரிசைகள் நெருங்கி நிற்கின்றன. தூண்களின் பின்னே நீர் சுழன்று கொதித்தது. விரைவுப் படகொன்று எழுப்பிய அலை கரைச்சுவரில் மோதித் திரும்பி எங்களைக் குலுக்கியது. என் கை பதறியபோது அவர் சுக்கான் பிடியின் மீது இரண்டு விரல்களை மட்டும் வைத்து, "தூணைப் பார்க்காதீர்கள், தூண்களுக்கு இடையில் தெரியும் நீரைப் பாருங்கள்" என்றார்.

ஒரே குறை, டீசல் வடிகட்டியைப் புறப்படும் காலையில்தான் சோதித்தார். அலையில் தொட்டியின் அடிக்கசடு கலங்கி வடிகட்டி அடைபட்டால், பாலத்தின் கீழேயே இயந்திரம் நின்றுவிடும். அதை மாற்றி வைக்கும்படி முன்பதிவின்போதே எழுதியிருக்க வேண்டும். நங்கூரத்தை அணியத்தில் தயாராக வைக்கச் சொன்னது மட்டும் முன்கூட்டியே வந்த அறிவுரை.

இறங்குநீரில் திரும்பும் பயணத்துக்கும் அவரையே பேசியிருக்கிறேன். லைம்ஹவுஸ் நுழைவில் ஓட்டம் குறுக்கே இழுக்கும் இடத்தை அவரில்லாமல் முயல இன்னும் நான் தேறவில்லை.