செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி7000: கொஞ்சம் பழசு, ஆனால் குறைந்த காசுக்கு இதைத்தான் சொல்வேன்

கையில் இருப்பது கொஞ்சம் காசுதான், அதற்குள் ஒரு டிஎஸ்எல்ஆர் வேண்டும் என்றால் சமீபத்தில் வந்த ஆரம்பநிலை மாடலைத் தேடாமல், பழசானாலும் ஒரு படி மேலே இருந்த பாடியை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. நான் வாங்கியது நிக்கான் டி7000. 2010 செப்டம்பரில் அறிவித்த கேமரா, 16.2 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன அளவு). இவ்வளவு பழசா என்று முகம் சுளிக்கிறவர்கள் அதன் வியூஃபைண்டரில் ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். நிக்கானின் ஆரம்பநிலை டி3000, டி5000 வரிசையில் கண்ணாடிகளைச் சேர்த்து அமைத்த பென்டாமிரர்தான், இதில் ஒரே கண்ணாடிக் கட்டியாலான நிஜமான பென்டாபிரிசம். காட்சி பெரிதாக, வெளிச்சமாக இருக்கிறது, அதுவும் ஃபிரேம் ஏறக்குறைய 100 சதவீதம் தெரிவதால் ஓரத்தில் யாருடைய முழங்கையாவது நுழைந்திருந்தால் எடுக்கும்போதே கண்ணில் பட்டுவிடும்.

ஆனால் காசு மிச்சமாவது வேறு இடத்தில். டி7000 பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. அந்த ஆரம்பநிலை வரிசைகளில் அது கிடையாது, அதனால் 50 எம்எம் எஃப்1.8டி மாதிரியான பழைய ஏஎஃப்-டி லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாகக் கிடைப்பதும் இந்த லென்ஸ்கள்தான். இன்னும் பழைய ஏஐ மேனுவல் லென்ஸ்களைக்கூட மாட்டி, மெனுவில் ஃபோகல் லெங்த்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) பதிந்துவிட்டால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. பாடியில் சேமித்த காசை லென்ஸில் போடுங்கள்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? எல்லாரும் முதலில் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள். இந்த மாடலின் ஷட்டரை நிக்கான் 1,50,000 தடவை வரை சோதித்ததாகச் சொல்கிறது. அது காலாவதித் தேதி இல்லை, அதற்கு முன்பே போனவையும் உண்டு, தாண்டி ஓடுபவையும் உண்டு. எண்ணிக்கை கேமரா மெனுவில் வராது, இப்போது எடுத்த ஒரு ஜேபெக் படத்தின் எக்ஸிஃப் தகவலில் (ஃபைலுக்குள் கேமரா பதிந்து வைக்கும் விவரம்) இருக்கும், இலவச மென்பொருளிலேயே படித்துவிடலாம். விற்பவர் சாட் ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் காணாமல் போய்விடும், ஒரிஜினல் ஃபைலாகவே கேளுங்கள். என்னைக் கேட்டால், அலமாரியில் பல வருடம் தூங்கிய குறைந்த கவுண்ட் கேமராவைவிட, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த 60,000 கவுண்ட் கேமரா மேல்.

கவுண்ட்டைவிட ஃபோகஸ்தான் எனக்கு முக்கியம். அசையாத ஒரு பொருளை வியூஃபைண்டர் வழியாக ஒரு படம், லைவ் வியூவில் (பின்பக்கத் திரையைப் பார்த்து) ஒரு படம் எடுத்து இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் மெனுவில் இருக்கும் ஏஎஃப் ஃபைன் டியூனிலேயே (ஆட்டோஃபோகஸைத் திருத்தும் வசதி) சரி செய்துகொள்ளலாம், பெரிய வித்தியாசம் என்றால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் எஃப்16 வைத்து, வெள்ளைச் சுவரை வேண்டுமென்றே அவுட் ஆஃப் ஃபோகஸில் எடுத்தால் சென்சாரில் உள்ள அழுக்கெல்லாம் தெரியும். தூசி என்றால் புளோயரில் ஊதினால் போகும். வட்ட வட்டமாக எண்ணெய்ப் புள்ளிகள் என்றால் திரவம் வைத்துத்தான் துடைக்க வேண்டும். (இதே தொந்தரவால் பேர் போனது ஃபுல் ஃபிரேம் டி600, 2014இல் நிக்கானே இலவசமாக ஷட்டர் மாற்றித் தருவதாக அறிவித்தது. மலிவாக டி600 கண்ணில் பட்டால் ஷட்டர் மாற்றியாயிற்றா என்று கேட்காமல் தொடாதீர்கள்.)

லென்ஸோடு வாங்கினால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி உள்ளே படர்ந்திருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பின்னால் இருக்கும் அப்பர்ச்சர் லீவரைத் தள்ளிவிட்டால் பட்டென்று திரும்ப வேண்டும், மந்தமாகத் திரும்பினால் பிளேடில் எண்ணெய் இறங்கியிருக்கலாம். கட்டை விரல் படும் இடத்து ரப்பர் உப்பிக் கிளம்பியிருப்பது பழைய பாடிகளில் சகஜம், பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

படத்தின் தரம்? ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600 வரை கவலையே இல்லை, 3200 சமாளிக்கலாம், அதற்கு மேல் இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாக வருவது) தெரிகிறது. ஐஎஸ்ஓ 100இல் ரா (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைல்) எடுத்துவிட்டு நிழல் பகுதிகளைத் தூக்கினால் விவரம் அழகாக வருகிறது, இந்த விஷயத்தில் இத்தனை பழைய கேமரா என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

குறைகள் நிறைய. ராவில் தொடர்ந்து அழுத்தினால் சுமார் 10 படத்தில் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி மூச்சு வாங்கும், பறவை எடுக்கிறவர்களுக்கு இது பெரிய எரிச்சல். வைஃபை இல்லை. லைவ் வியூவில் ஃபோகஸ் ஆமை வேகம். வீடியோ 1080பி, நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு தடவைக்கு 20 நிமிடம் வரைதான், நடுவில் அப்பர்ச்சரை மாற்ற லைவ் வியூவை விட்டு வெளியே வர வேண்டும். வீடியோதான் முக்கியம் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

பேட்டரி இஎன்-இஎல்15, பின்னால் வந்த டி750, டி850க்கும் இதே வகைதான் என்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. விற்பவர் தரும் பேட்டரியின் வயதை செட்டப் மெனுவில் 0 முதல் 4 வரை காட்டும், 4 என்றால் புதுசு வாங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துவிட்டு விலை பேசுங்கள். சார்ஜர் ஒரிஜினலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.